தனியாக மலையேறப் போகிறேன்: புறப்படும் முன் எவற்றையெல்லாம் முடிவு செய்துவிட வேண்டும்?

கேள்வி: பூண்டிப் பயணி (கோயம்புத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். அலுவலக வேலையாக வரும் செப்டம்பரிலிருந்து ஆறு மாதம் மான்செஸ்டரில் தங்க இருக்கிறேன். அங்கிருந்து ரயிலில் போய்விடும் தொலைவில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் இருக்கின்றன என்று தெரிந்ததிலிருந்து மனம் அங்கேயே சுற்றுகிறது. என்னுடன் வரும் சக ஊழியர்கள் இருவருக்கும் மலையில் நாட்டமில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும்.

எனக்கு வயது 38. வெள்ளியங்கிரி பதினொரு முறை ஏறியிருக்கிறேன், பர்வதமலையின் கடப்பாரைப் பாதையில் மூன்று முறை. உடம்பில் தெம்பு இருக்கிறது. ஆனால் அண்மையில் யோசித்தபோது ஒன்று உறைத்தது. வெள்ளியங்கிரிக்கு இரண்டு முறை ‘தனியாக’ப் போனேன் என்று சொல்லிக்கொள்வேனே தவிர, அந்த இரண்டு இரவுகளிலும் நான் தனியாக இருந்த நேரம் மொத்தமாகப் பத்து நிமிடம்கூட இருக்காது. முன்னால் ஒரு மூங்கில் தடியின் ஓசை, பின்னால் ஒரு டார்ச் வெளிச்சம், இறங்கி வருகிறவர் “இன்னும் கொஞ்சம்தான் சாமி” என்று சொல்லும் பொய், நடுவே ஒரு சுக்குக் காபி. கால் பிசகினால் தூக்கிவிட நூறு பேர் இருந்தார்கள். அங்கே அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

என் மனைவி போக வேண்டாம் என்று தடுக்கவில்லை. “போய் வாருங்கள். ஆனால் நான் எத்தனை மணிக்குப் பயப்பட ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்” என்றாள். என்னிடம் பதில் இல்லை. என்ன எடுத்துச் செல்வது, எந்த மலையில் தொடங்குவது, சிக்னல் இல்லாத இடத்திலிருந்தும் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவி வாங்க வேண்டுமா, புறப்படும் முன் இங்கேயே பழகிக்கொள்ள வழியுண்டா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: வடக்கு வாசி (லங்காஸ்டர்)

தம்பி, உங்கள் துணைவியார் கேட்டிருப்பதுதான் இந்தத் திரியின் உண்மையான கேள்வி. மற்றவையெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். பதினான்கு ஆண்டுகளாக இந்த மலைகளுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன், பெரும்பாலும் தனியாகத்தான் ஏறுகிறேன். ஒரே ஒரு முறை மாட்டிக்கொண்டேன். அன்று என்னைக் காப்பாற்றியது பையில் இருந்த எந்தப் பொருளும் அல்ல, குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்த அரைத் தாள்தான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், பேட்டர்டேல் ஊரிலிருந்து கிரைஸ்டேல் பள்ளத்தாக்கு வழியாக ஹெல்வெலின் மலைக்கு ஏறுவதாகத் திட்டம். கிரைஸ்டேல் டார்ன் என்ற சிறு ஏரிக்கு அருகில், மழையில் நனைந்த ஒரு கல்லில் இடது கணுக்கால் மடிந்தது. நேரம் மதியம் இரண்டு. எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக ஒரு பாறையில் உட்கார்ந்தேன். நான் செய்த தவறு அதுதான். ஏறும்போது வியர்த்து நனைந்திருந்த பனியன் பத்தே நிமிடத்தில் ஈரச் சாக்குபோலக் குளிர்ந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கையுறையும் கம்பளிச் சட்டையும் பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கிடந்தன. பையின் ஜிப்பைப் பிடித்து இழுக்க விரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை, கடைசியில் பல்லால் கடித்துத்தான் இழுத்தேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. 46 சதவீதம் காட்டிய மின்கலம் அந்தக் குளிரில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனது. அன்றிலிருந்து கைப்பேசியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டித்தான் வைத்துக்கொள்கிறேன்.

ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தூரத்தை ஊன்றுகோலில் தொங்கியபடி இறங்க ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுத் தாளில் இரண்டு நேரங்கள் எழுதியிருந்தேன்: “6 மணிக்குள் அழைப்பேன். 8:30 வரை அழைக்காவிட்டால் 999க்கு அழைத்து, முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேள்.” 999 என்பது இங்கே அவசர உதவி எண். ஊருக்குள் வந்து ஒரு விடுதியின் தொலைபேசியில் நான் கூப்பிட்டபோது மணி 7:50. ஆறு மணிக்கும் ஏழு ஐம்பதுக்கும் இடையே என் மனைவி கவலைப்பட்டாள், ஆனால் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கவில்லை. அந்தத் தாள் இல்லாவிட்டால் ஆறேகாலுக்கே பதறி அழைத்திருப்பாள், அல்லது வீணாக யாரையும் தொந்தரவு செய்வானேன் என்று மறுநாள் காலை வரை பொறுத்திருப்பாள். இரண்டாவதுதான் பயங்கரம். ஆகவே உங்கள் துணைவியாருக்கு ஒரு நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள். வர வேண்டிய நேரம் ஒன்று, ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் ஒன்று, இரண்டுக்கும் இடையே நொண்டிக்கொண்டு இறங்கும் அளவுக்கு இடைவெளி.

இதே ஹெல்வெலினில் 1805ஆம் ஆண்டு ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் தம் நாயுடன் தனியாக மலையைக் கடக்கப் புறப்பட்டார். அவர் சேர்ந்துவிட்டாரா என்று கேட்க அந்தப் பக்கம் யாரும் காத்திருக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஜூலை இறுதியில்தான், ரெட் டார்ன் ஏரிக்கு அருகே நாய் குரைப்பதைக் கேட்டுப் போன ஓர் ஆட்டிடையர் எலும்புகளைக் கண்டார். நாய் உயிரோடு இருந்தது. பெரிய கவிஞர்கள் இருவர் அந்த நாயைப் பாடினார்கள், உச்சியருகே நினைவுக்கல்லும் இருக்கிறது. போகும்போது பாருங்கள். நாயின் விசுவாசத்தைவிட அந்த மூன்று மாதம்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுக்கு வருகிறது.

இனி மலை. முதல் வாரமே ஹெல்வெலின் வேண்டாம். கெஸ்விக் ஊரை ஒட்டிய கேட்பெல்ஸ் 451 மீட்டர்தான், சனிக்கிழமை கூட்டமாக இருக்கும். ஆனால் உச்சிக்குக் கீழே கையூன்றி ஏற வேண்டிய பாறைகள் உண்டு, ஆதலால் உங்கள் காலணியை அது சோதித்துச் சொல்லிவிடும். பிறகு தெர்ல்மியர் ஏரிப் பக்கத்திலிருந்து ஹெல்வெலின். விண்டர்மியரில் ரயிலை விட்டு இறங்கி 555 எண் பேருந்தைப் பிடித்தால் அந்தச் சாலையிலேயே போகும். பாதை செங்குத்து, ஆனால் கல் பாவிய தெளிவான பாதை. ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை வழியைப் படத்தில் பார்த்து மயங்காதீர்கள்.

நேரத்தைக் கணக்கிட, நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892இல் சொன்ன விதியே இன்றும் போதும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் பத்து நிமிடம். நான் சொன்ன வழியில் போய்வர எட்டு கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 750 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் வரும். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. முதல் முறை நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே சாலைக்கு வந்து சேரும்படி பின்னோக்கி எண்ணி, திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்ததும் உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். இதைப் பையில் எழுதி வைத்திருப்பவன்தான் கடைப்பிடிப்பான், ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவன் ஏறிவிடுவான். இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். முந்தைய வாரம் ஆறு மணி வரை இருந்த வெளிச்சம் அன்று ஐந்து மணிக்கு முன்பே போய்விடும். இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

பதில்: ஓய்வுபெற்ற ஆசிரியன் (திருச்சி)

இவ்வளவு தாள், இவ்வளவு கணக்கு எதற்கு? மலைக்குத் தனியாகப் போகாமலிருப்பதே முழுமையான பாதுகாப்பு. தனி மரம் தோப்பாகாது என்பது சும்மா சொன்னதில்லை. அங்கும் நடைக் குழுக்கள் இருக்கும், ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். குடும்பஸ்தர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பதில்: நல்லதண்ணிப் பெண் (கிளாஸ்கோ)

ஆசிரியர் ஐயாவின் கவலை எனக்கு விளங்குகிறது. முதல் இரண்டு நடைகளைக் குழுவோடு போவது நல்ல யோசனை என்றே நானும் சொல்வேன். ஆயினும் தனியாகப் போகிறவர்கள் போகத்தான் போகிறார்கள், ஆகையால் எப்படிப் போவது என்று பேசுவதில் பயன் இருக்கிறது.

நான் இலங்கை மலையகத்தவள், இங்கே தாதியாக வேலை செய்கிறேன். வெள்ளியங்கிரி பற்றிப் பூண்டிப் பயணி எழுதியதைப் படித்ததும் எங்கள் சிவனொளிபாதமலைதான் நினைவுக்கு வந்தது. மார்கழிப் போயா எனும் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமியான வெசாக் வரை அந்த மலை ஓர் ஊர். படியெங்கும் மின்விளக்கு, தேநீர்க் கடை, பஜனை. படிக்கும் காலத்தில் ஓர் ஆவணி மாதம், பருவம் இல்லாத நேரத்தில், நல்லதண்ணியிலிருந்து தனியாக ஏறினேன். அதே படிகள், அதே 2,243 மீட்டர். ஆனால் விளக்கில்லை, கடையில்லை, மழையும் அட்டையும் மட்டுந்தான். பாதியில் திரும்பிவிட்டேன். அன்றைக்குத்தான், நான் அதுவரை நம்பியிருந்தது என் கால்களை அல்ல, அந்தச் சனக்கூட்டத்தை என்று தெரிந்தது.

தாதி என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போகும்போது முதலில் கெடுவது கைத்திறனும் தீர்மானிக்கும் திறனும். சொல் குழறும், கால் இடறும், ஆனால் குழறுகிறவருக்கு அது தெரியாது. குழுவாகப் போனால் பக்கத்தில் நடப்பவர் கவனிப்பார், தனியாகப் போனால் கவனிக்க ஆளில்லை. இதுதான் தனிநடையின் உண்மையான ஆபத்து என்று நினைக்கிறேன், விழுவதைக் காட்டிலும். அதனால் நான் அரை மணிக்கொருமுறை என் மகனின் தொலைபேசி எண்ணை உரத்துச் சொல்லிப் பார்ப்பேன், பெருவிரலைச் சுண்டுவிரலோடு சேர்த்துப் பார்ப்பேன். இரண்டில் ஒன்று தடுமாறினாலும் அந்த இடத்திலேயே ஒரு சட்டையை மேலதிகமாகப் போட்டு, இனிப்பாக ஏதும் தின்றுவிட்டு இறங்கத் தொடங்கிவிடுவேன். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. சூடு ஏறாமலே நடுக்கம் நின்றுபோனால், குணமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்பதற்கான அடையாளம் அது.

பருத்தி உடுப்பும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது. பைக்குள் எதை வைத்தாலும், ஆளை முழுதாக உள்ளே நுழைத்துக்கொள்ளக்கூடிய தடித்த ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் உறை ஒன்றை மேலே வையுங்கள். மலிவானது, எடையும் அதிகமில்லை. தலைவிளக்கு ஒன்று, அதற்கு மாற்று மின்கலம், ஒரு விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் பொறுத்து மறுபடியும் ஆறு முறை ஊதுவதுதான் இங்கே உதவி கேட்கும் முறை, இருட்டில் விளக்கையும் அப்படியே சிமிட்டலாம். மூன்று ஊதல் பதிலாக வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று பொருள், ஆனால் ஆட்கள் உங்களிடம் வந்து சேரும்வரை ஊதுவதை நிறுத்த வேண்டாம்.

இங்கே வந்ததும் உள்ளூர் சிம் வாங்கி, ‘ரிஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை 999க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பதிந்துகொள்ளுங்கள், வரும் பதிலுக்கு ஆமென்று மறுமொழியும் அனுப்ப வேண்டும். பேச முடியாத அளவுக்குச் சிக்னல் மெலிந்த இடத்திலும் சில நேரம் குறுஞ்செய்தி போய்விடும். 999க்கு அழைக்கும்போது உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் அழைப்பை ஏற்றுக்கொள்ளும், குறுஞ்செய்திக்கு அந்த வசதி இல்லை. மீட்புக் குழுவினர் தொண்டர்கள், பணம் கேட்பதில்லை. செலவுக்குப் பயந்து அழைக்கத் தயங்கிய எங்கள் ஆட்கள் சிலரை நான் அறிவேன், அதனால் சொல்கிறேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால் இன்னொரு சொல். இருக்கும் இடத்தைப் படத்தோடு உடனுக்குடன் முகநூலில் போடாதீர்கள், வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். வழியில் சந்திப்பவர் “தனியாகவா?” என்று கேட்டால் “நண்பர்கள் பின்னால் வருகிறார்கள்” என்று சொல்வதில் பாவமில்லை.

பதில்: காட்டு வழிகாட்டி (தேனி)

ஆசிரியர் ஐயாவுக்கு முதலில் ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11ஆம் தேதி கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் தனியாகப் போனவர்கள் அல்லர், கூட்டமாகப் போனவர்கள். அது கோடைக்காலம், புல் ஆளுயரத்துக்குக் காய்ந்து நிற்கும் சரிவு, தீயோ மேல்நோக்கி ஓடும் வேகத்தில் மனிதனை விட்டுவைக்காது. பத்துப் பேர் சேர்ந்து போகும்போது ஒவ்வொருவரும் மற்றவர் யோசித்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறோம், கடைசியில் யாருமே யோசித்திருப்பதில்லை. தனியாகப் போகிறவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

ஆனால் பூண்டிப் பயணி நம் ஊரில் தனியாகப் பழகலாமா என்று கேட்டதற்கு, காப்புக்காட்டில் கூடாது என்பதே பதில். அந்த விபத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்துவிட்டன, அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை வழிகாட்டியோடு திறந்துவிட்டது, அவற்றில் ஒன்றில் பதிவு செய்து போங்கள். நம் காட்டில் தனி ஆளுக்கு முதல் ஆபத்து குளிர் அல்ல, யானை. சத்தமில்லாமல் நடக்கும் ஒற்றை ஆள் வளைவில் திடீரென்று யானையின் முன் போய் நிற்பான்.

பழகுவதற்கு நான் சொல்லும் வழி வேறு. பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி திறந்திருக்கும் காலத்தில் கூட்டத்தோடுதான் ஏறுங்கள். ஆனால் கடையில் ஒரு சோடாகூட வாங்காதீர்கள், யாருடைய வெளிச்சத்திலும் நடக்காதீர்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டே போங்கள். தண்ணீர் எங்கே தீர்ந்தது, எத்தனையாவது மலையில் கால் நடுங்கியது, திரும்ப வேண்டிய நேரம் வந்தபோது மனம் என்ன சாக்குச் சொன்னது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

செயற்கைக்கோள் கருவி பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே வாங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் நாட்டில் அரசு அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை வைத்திருப்பது சட்டப்படி தவறு. தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள்.

மறுமொழி: பூண்டிப் பயணி

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடி முதல் இரண்டு வாரம் ஒரு நடைக் குழுவோடு போகிறேன். செயற்கைக்கோள் கருவி இப்போதைக்கு வாங்கவில்லை. நேற்று இரவு மனைவியும் நானும் உட்கார்ந்து தாளின் மாதிரி ஒன்று எழுதிப் பார்த்தோம். இந்தியாவிலிருந்து 999க்கு அழைக்க முடியாது என்பதால், மான்செஸ்டரில் உடன் தங்கும் சக ஊழியரிடம் ஒரு பிரதி இருக்கும். சரியா என்று பாருங்கள்:

“சனிக்கிழமை. தெர்ல்மியர் பக்கத்திலிருந்து ஹெல்வெலின் ஏறி, அதே வழியில் இறங்குவேன். ஏறத் தொடங்குவது காலை 10:30. எங்கே இருந்தாலும் பகல் 1:30க்குத் திரும்பிவிடுவேன். சாலைக்கு வந்ததும் அழைப்பேன், மாலை 4 மணிக்குள். 6:30 வரை அழைப்பு வராவிட்டால் 999, போலீஸ், மலை மீட்புக் குழு.”

மனைவி இதைப் படித்துவிட்டு, “அப்படியானால் ஆறரை வரை நான் சீரியல் பார்க்கலாம்” என்றாள்.

பதில்: வடக்கு வாசி (லங்காஸ்டர்)

நன்றாக இருக்கிறது தம்பி. மூன்று குறைகள் மட்டும். மேல்சட்டையின் நிறமும் பையின் நிறமும் எழுதவில்லை, தேடுபவர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. “அதே வழியில் இறங்குவேன்” என்று எழுதிவிட்டு, உச்சியில் ஒருவர் வேறு பாதை அழகாக இருக்கும் என்று சொன்னதைக் கேட்டுப் போனால் தாள் பொய்யாகிவிடும். தேடும் குழு மேற்குப் பக்கம் அலையும், நீங்கள் கிழக்குப் பக்கம் கிடப்பீர்கள். அந்த உச்சி வயல்போலப் பரந்த சமவெளி. மூடுபனி இறங்கினால் எந்தத் திசையில் ஏறி வந்தோம் என்பதே மறந்துவிடும், கிழக்கு விளிம்போ நேரே ரெட் டார்னை நோக்கிச் சரிகிறது. சிலுவை வடிவில் கல்லடுக்கிய காற்றுத் தடுப்பு ஒன்று அங்கே உண்டு. அதை அடைந்ததும் உட்காருவதற்கு முன்பே திசைகாட்டியை எடுத்து, இறங்க வேண்டிய திசையைத் தாளின் பின்புறம் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கடைசிப் பேருந்தின் நேரம் தாளில் இல்லை. அதைத் தவறவிட்டுச் சாலையோரம் சிக்னல் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்போது உங்களைத் தேடிப் பன்னிரண்டு பேர் மலையேறினால், திரும்பி வந்து அவர்கள் முகத்தில் விழிப்பது கஷ்டம். எனக்கு அப்படி ஒரு நண்பர் இருக்கிறார்.